முனியடியில் நின்ற மோட்டச்சைக்கிள்

எங்கள் வீட்டு மோட்டச்சைக்கிளைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத ஆண்பிள்ளை அந்தக் காலத்தில் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் இருந்திருக்க மாட்டான். இருந்திருந்தால் அவனுக்கு வாய் பேச வராது என்று அர்த்தம். வன்னிக்குள் பெற்றோல் வராத வருஷங்கள் அவை. ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பொக்கிஷம் போல வைத்திருப்பார்கள். அதில் இரண்டு சொட்டை காபரேற்றருக்குள் விட்டு உதைத்தால் எஞ்சின் இருமிக்கொண்டு எழும்பும். பிறகு தாங்கியிலுள்ள மண்ணெண்ணெயில் ஓடும். பின்னால் வெள்ளைப் புகை கிளம்பும். பள்ளிக்கூடத்தில் போய் இறங்கும்போது என் சேலையும் தலைமயிரும் கொப்பிக் கட்டும் குப்பி விளக்கு மணம் மணக்கும்.

நான் அப்போது தொண்டர் ஆசிரியை. விஞ்ஞானம் படிப்பித்தேன். தொண்டர் என்றால் வேலை முழுதாக இருக்கும், சம்பளம் மட்டும் இருக்காது. ஏழு வருஷம் இப்படிக் கழிந்த பிறகு, நிரந்தர நியமனத்துக்குப் பெயர் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அதற்கு அதிபரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். எங்கள் அதிபர் காலை ஏழரைக்குக் கையெழுத்துப் புத்தகத்தில் ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். மழை பெய்தாலும் ஷெல் விழுந்தாலும் அந்தக் கோடு ஏழரைக்கு விழுந்துவிடும். பிந்தி வருகிறவர்கள் அதற்குக் கீழேதான் கையெழுத்து வைக்க வேண்டும்.

"கோட்டுக்குக் கீழ வைக்கிற ஆக்களுக்கு நான் கடிதம் எழுதமாட்டன் ரீச்சர். இப்பவே சொல்லிப்போட்டன்," என்றார்.

அந்த வாரம் பார்த்துத்தான் மோட்டச்சைக்கிள் நிற்கத் தொடங்கியது.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஏழு மைல். என் கணவர் விடியக் காலையில் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து என்னைக் கொண்டுபோய் விடுவார். நாலு மைல் சொன்ன பேச்சுக் கேட்டு ஓடும். பிறகு தெருவோரத்தில் ஒரு பெரிய பாலை மரம். அதன் கீழே ஒரு கல்லும் சூலமும், முனியப்பர். அந்த இடம் வந்ததும் எஞ்சின் இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றுவிடும். ஒரு நாள் அல்ல, ஒவ்வொரு நாளும்.

"இறங்கும், பாப்பம்," என்பார் அவர். முதலில் தாங்கியின் மூடியைத் திறந்து, ஒரு ஈர்க்கை விட்டு அளந்து, "எண்ணெய் கிடக்கு" என்று எனக்குத் தைரியம் சொல்லி மூடுவார். பிறகு பிளக்கைக் கழற்றி இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துப் பூட்டுவார். உதைத்தால் ஓடும். ஆகவே பிளக்தான் பிழை. மறுநாள் அதே இடத்தில் நிற்கும். மூடியைத் திறந்து அளந்து மூடிவிட்டு இந்த முறை எண்ணெய்க் குழாயை ஊதுவார். ஓடும். ஆகவே குழாய்தான் பிழை. காபரேற்றரைத் தட்டினார், ஓடியது. சில்லைத் தட்டினார், அதற்கும் ஓடியது. கண்ணாடியைத் திருப்பியிருந்தாலும் ஓடியிருக்கும், அதையும் பிழை என்று எழுதி வைத்திருப்பார்.

சந்தியில் ஒரு மெக்கானிக் இருந்தார். மெக்கானிக் என்பது அவர் தனக்குத் தானே கொடுத்த நியமனம். அதற்கு ஒருவரும் சிவப்புக் கோடு இழுக்கவில்லை. அவர் எஞ்சினில் காது வைத்துக் கேட்டார், கண்ணை மூடினார், தலையாட்டினார்.

"அண்ணை, மண்ணெண்ணெய்ப் புகை படிஞ்சு சைலன்சர் அடைச்சுப்போச்சு. மூச்சுவிட ஏலாமல்தான் நிக்குது," என்றார்.

சைலன்சரின் உள்ளே இருந்த தட்டுகளை வெட்டி எறிந்துவிட்டார். அதற்குப் பிறகு அது போட்ட சத்தத்தில், நாங்கள் போகிற வழியிலிருந்த கிழவிகள் ஹெலி வருகிறதென்று பங்கருக்குள் இறங்கினார்கள். நான் பிந்தி வருகிற செய்தி எனக்கு ஒரு மைல் முந்தியே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மோட்டச்சைக்கிள் வழக்கம் போல முனியடியில் நின்றது.

ஒரு நாள் மாடு சாய்த்துக்கொண்டு போன ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். "காட்டு வழியில போற ஆக்கள் ஒரு குழை முறிச்சுக் குத்திப்போட்டுப் போகவேணும். நீங்கள் சும்மா போறியள். பிறகு அவர் மறிக்காமல் என்ன செய்வார்?" என்றார்.

என் கணவர் உடனே பாலையில் ஒரு கிளை முறித்துக் கல்லடியில் குத்தினார். மூடியைத் திறந்து அளந்து மூடினார். உதைத்தார். ஓடியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. நான் கடற்கரைப் பக்கத்து வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போய் வளர்ந்தவள். முனியும் தெரியாது, குழையும் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குழை, சூடமாயிற்று. சூடம், தேங்காயாயிற்று. காலையில் வீட்டில் எண்ணெய் விட்டு மூடுவது போல, திரும்பி வரும்போது பள்ளிக்கூட வாசலிலும் அளந்து மூடுவார். அந்தப் பக்கமிருந்து வந்தால் முனியைத் தாண்டி ஒரு மைலில் நிற்கும். அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்கள். முனியின் எல்லை அதுவரைக்குமாம். இரண்டு பக்கமும் சரியாக நாலு மைல் என்று எண்ணிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு!

நான் செய்ததெல்லாம் ஏசியதுதான். தெருவில் நின்று, போகிற வருகிற சனத்துக்குக் கேட்க ஏசினேன். "உங்களுக்கு மிளகாய்க் கண்டைத் தவிர என்ன தெரியும்? ஏன் இந்தச் சாமானில கை வைக்கிறியள்?" அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் மூட்டிவிடும். "கொஞ்ச நாளைக்குச் சைக்கிளில போமன்," என்று ஒரு தரம் சொன்னார். போயிருக்கலாம். ஆனால் மோட்டச்சைக்கிளில் வந்து இறங்குகிற ரீச்சர் என்ற பெயரை விட எனக்கு மனம் வரவில்லை. கோட்டுக்குக் கீழே என் கையெழுத்துகள் நிரை கட்டி நின்றன.

கடிதம் எழுதுகிற கடைசி நாள் வந்தது. "இண்டைக்கு நானும் உள்ள வந்து அதிபரோட கதைக்கிறன்," என்றார் அவர். "நீங்கள் கதைச்சுக் கிழிச்சியள்," என்றேன். முனியடியில் நின்றது. அவர் தேங்காயோடு கல்லடிக்குப் போனார். எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். இந்த மனுஷன் எண்ணெயே விடாமல் என்னைப் பேய்க்காட்டுகிறாரோ என்று, வாழ்க்கையில் முதல் தரமாக நான் அந்த மூடியைத் திறக்கப் போனேன்.

மூடி இலகுவில் வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ இழுத்துப் பிடித்தது போல இருந்தது. திருகி இழுத்தேன். 'உஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது.

கையில் இருந்த மூடியைப் புரட்டிப் பார்த்தேன். அதன் நடுவில் குண்டூசித் தலையளவு ஒரு துளை. துளைக்குள் சிவப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது. சவர்க்காரம். அதன்மேல் நகம் அழுத்திய அடையாளம். என் நகம்.

அதிபர் கடிதத்தைப் பற்றிச் சொன்ன அந்த வாரம், மாரி மழைக்கு மோட்டச்சைக்கிளை வீட்டுக்குள்ளே விட்டிருந்தோம். மண்ணெண்ணெய் மணத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூடியிலிருந்த அந்தத் துளையைக் கண்டதும், இதற்குள்ளால்தான் மணமும் வருகிறது, அருமையான எண்ணெயும் ஆவியாகிப் போகிறது என்று கணக்குப் போட்டேன். ஒழுகுகிற தாங்கியை அந்த மெக்கானிக் சவர்க்காரம் வைத்து அடைத்ததை ஒரு நாள் பார்த்திருந்தேன். சவர்க்காரம் கண்ணில் காணக் கிடைக்காத அந்த நாளில், குளிக்கிற கட்டியில் கிள்ளி அப்பினேன். கணவரிடம் சொல்லவுமில்லை. நல்ல கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மாரி முடிந்து அதே தவணையில் கரும்பலகையில் பால் ரின் படம் கீறி, ஒரு துளையால் காற்று உள்ளே போனால்தான் மற்றத் துளையால் பால் வெளியே வரும் என்று படிப்பித்தேன். ஒரு துளை மட்டும் கீறிய பிள்ளைகளுக்குப் புள்ளி வெட்டினேன். தாங்கிக்கும் அதே விதிதான். காற்றுப் போகாவிட்டால் எண்ணெய் இறங்காது. அவர் அளக்கத் திறந்த ஒவ்வொரு தரமும் அது மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. அந்த 'உஸ்' அவர் காதில் விழாமல் என் ஏச்சு அமுக்கியிருக்கும். மெக்கானிக் மூச்சுவிட ஏலாமல் நிற்கிறது என்றார். அன்று நான் சிரித்தேன். இடம்தான் பிழை, சொன்னது சரி.

கொண்டை ஊசியைக் கழற்றித் துளையைச் சுரண்டினேன். சவர்க்காரம் பொருபொருவென்று விழுந்தது. மூடியைப் பூட்டிவிட்டு ஒன்றும் நடக்காதது போல நின்றேன். அவர் நெற்றியில் விபூதியோடு வந்து உதைத்தார். ஓடியது. அதற்குப் பிறகு அது வழியில் நிற்கவே இல்லை.

ஆனால் அன்றும் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்து வைத்தேன். அவர் சாரத்தின் மடிப்பை இறக்கி, எண்ணெய்க் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு அதிபரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"பிழை முழுக்க என்ர, சேர். அவா விடியவே வெளிக்கிட்டு நிப்பா. என்ர வண்டிதான் இழவு. எனக்கு அதைத் திருத்தத் தெரியேல்லை. என்ர மொக்குத்தனத்துக்கு அவான்ர கடிதத்தை மறிச்சுப்போடாதேங்கோ."

இருப்பதற்குக் கதிரை இருந்தும் அவர் இருக்கவில்லை. அதிபர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"அப்பிடியே ரீச்சர்? இவற்ற பிழைதானோ?"

கொண்டை ஊசி அப்போதும் என் கைக்குள்தான் இருந்தது. அதன் நுனியில் சவர்க்காரம் ஒட்டியிருந்தது.

"ஓம் சேர்," என்றேன்.

அதிபர் பேனாவை எடுத்தார். நியமனம் கிடைத்தது. அந்த வழியால் போகும்போதெல்லாம் என் கணவர் இன்றுவரை முனியடியில் நிறுத்தி ஒரு குழை முறித்துக் குத்துகிறார். நான் கேலி செய்வதில்லை. அவர் என்ன பிழை விட்டாலும் ஏசுவதுமில்லை. ஏச வாயெடுத்தால் அந்த ஊசி நினைவுக்கு வரும், வெட்கத்தில் வாய் மூடிக்கொள்ளும்.

"நியமனம் கிடைச்ச பிறகு நீர் எவ்வளவு திருந்திட்டீர்," என்று அவர் சந்தோஷமாகச் சொல்வார்.