முன்கதை சொன்னால்தான் சோறு

செய்தி எனக்கு எஸ்டிடி பூத் வழியாக வந்தது. அண்ணனூர் ஸ்டேஷனை ஒட்டி சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வரும் போனெல்லாம் எதிர் பூத்துக்குத்தான் வரும். பூத்துக்கார அம்மாள் ரோட்டைத் தாண்டி வந்து, "அண்ணாத்தே, உன் எழுத்தாளர் கூட்டாளி தணிகாசலம் பூட்டாராம்" என்றார். பஞ்சர் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அழுத்திக்கொண்டே, "எங்க பூட்டாரு, டில்லிக்கா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தது.

தணிகாசலத்தின் கதைகளைப் படித்தவர்களுக்கு அவர் பெரிய மனிதர். எனக்கு அவன் பக்கத்துக் குடிசைக்காரன். அவன் புத்தகங்களை நான் எழுத்துக் கூட்டித்தான் படித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கதைகள் எந்தப் பானை ஓரத்தில் பிறந்தன என்பது எனக்குத்தான் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மேனாம்பேட்டில் எங்கள் இரண்டு குடிசைகளுக்கும் நடுவே ஒரே ஓலைத்தட்டிதான் சுவர். அவன் அம்மா கன்னியம்மா முன்பு நடவுக்குப் போனவர். வயல்களெல்லாம் மனைகளான பிறகு டெண்ட் கொட்டகையைக் கூட்டும் வேலைக்குப் போனார். படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் துடைப்பத்தோடு உள்ளே விடுவார்கள். படுதா ஓரம் நின்று பார்ப்பார். இப்படி எத்தனையோ படங்களின் முடிவைப் பார்த்தவர், ஒரு படத்தின் தொடக்கத்தைக்கூடப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் சோற்றுப்பானையின் பக்கத்தில் உட்கார்ந்து மூடிமேல் கையை வைத்துக்கொள்வார். "கடேசில அந்தப் பொண்ணு ஆத்துல எறங்கிப் போய்க்கினே கீறா. கரையில ஒத்த செருப்பு. இன்னாத்துக்குப் போறா? முன்னாடி இன்னா ஆச்சி, சொல்லு."

பகலெல்லாம் தொழிற்பேட்டையில் மூட்டை தூக்கிவிட்டு வந்த தணிகாசலம் சொல்ல வேண்டும். சொன்னது பிடிக்கவில்லையென்றால், "இது ஒட்டல" என்பார். ஒட்டும்வரை மூடி திறக்காது, அவருக்கும் சேர்த்துத்தான். நான் தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பேன்: "செருப்பு அறுந்துட்ச்சி, தெக்கக் குடுக்கப் போறா. சோத்தப் போடும்மா."

"ஆத்துக்குள்ள எவன்டா செருப்பு தெக்கிறான், வாயி?"

என் பெயரை அவர் சொன்னதேயில்லை. நான் அவருக்கு வாயி.

ஒருமுறை கம்பெனியில் அவனுக்கு மாலை ஷிப்ட் போட்டார்கள். கூலியும் கூடுதல். கன்னியம்மா நேராக மேஸ்திரியிடம் போய், "சாயங்காலம் எம்புள்ளைக்கு வேற வேல கீது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கஞ்சிக்கே வழியில்லாத வீடு. "இன்னாம்மா இப்டி பண்ணிட்ட?" என்று கேட்டேன். கொட்டகை ஆபரேட்டர் அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். "படத்துல கதை எய்தறவன் பேரு மொதல்லயே வருமாமே. நான் பாத்ததே இல்ல. இவன் பேர நான் மொதல்ல பாக்கணும் வாயி."

பார்த்தார். வாரப் பத்திரிகையில் கதைகள் வந்தன, பிறகு புத்தகம் வந்தது. குடிசை போய் இரண்டு அறை ஓட்டு வீடு வந்தது. அட்டையிலிருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "செரி, கடேசிப் பக்கத்தப் படி."

கொட்டகையை இழுத்து மூடிய வாரம் அவர் கொண்டுவந்த முடிவு திரையில் பார்த்ததல்ல.

"படம் முட்ஞ்சி லைட்டு போட்டாங்க. கும்பல் பூட்ச்சி. ஒர்த்தன் மட்டும் சேர்ல உக்காந்துகினு கீறான். வெள்ளச் சட்ட. சிரிச்ச மூஞ்சி. அவன் காலச் சுத்திக் கூட்னேன். எந்திரிக்கவே இல்ல."

"அப்பால?"

"அதான் கடேசி. முன்னாடி இன்னா?"

தணிகாசலம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். எதுவும் ஒட்டவில்லை. முதல் தடவையாக அன்று பானை திறக்கவேயில்லை. மறுநாள் கன்னியம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. அதற்குப் பிறகு அவர் சோறு தின்னவில்லை. சில நாளில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த பிறகு ஆபரேட்டரைப் பார்த்து, அந்த வெள்ளைச் சட்டைக்காரன் யார் என்று கேட்டேன். "நம்ம கொட்டாயில ஏதுப்பா சேரு? மணலும் பெஞ்சும்தான" என்றார்.

தணிகாசலம் அதன்பின் நிறைய எழுதினான். மாலை, சால்வை எல்லாம் வந்தன. ஆனாலும் கொட்டகையில் முன்பு படம் விடும் நேரமானால் வாசல் மணலில் ஒயர் சேரைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். "இன்னா மாமே, இன்னிக்கு இன்னா படம்?" என்று கலாய்ப்பேன். ஒருநாள் பதில் சொன்னான்.

"அம்மா இன்னும் சாப்புடல மாமே. மூடி மேல கைய வச்சிகினு எங்கியோ உக்காந்துகினு கீது. ஊருக்கெல்லாம் கதை எய்திட்டேன். அது கேட்டது மட்டும் வர மாட்டேங்குது."

அவன் சொல்லி முடிக்கவில்லை, எங்கள் முதுகுக்குப் பின்னால் துடைப்பம் இழுக்கும் சத்தம் கேட்டது. சர்ரென்று ஒரு இழுப்பு, கொஞ்சம் நின்று இன்னொரு இழுப்பு. திரும்பினால் யாருமில்லை. மணலில் அரைவட்டம் அரைவட்டமாகக் கோடுகள். மூலையில் குவித்து வைத்தாற்போல் வேர்க்கடலைத் தோல். "எவன்டா நமக்குத் தெரியாம கடலை துன்னுட்டுப் போனவன்?" என்று சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே வேறு யாரோ சிரிப்பதுபோல் கேட்டது. தணிகாசலம் சிரிக்கவில்லை. கால்களை மட்டும் மெல்லத் தூக்கிக்கொண்டான், கூட்டுகிறவர்களுக்கு வழி விடுவதுபோல.

செய்தி கேட்டு நான் போனபோது டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். சொந்தமென்று யாருமில்லாததால், எனக்காகக் காத்திருந்து அவனை அப்படியே விட்டிருந்தார்கள். வாசலில் அதே ஒயர் சேர். பாராட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பியவன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சிரித்த முகம். வாசல் முழுக்கச் சுத்தமாகக் கூட்டியிருந்தது. அவன் பாதத்தடியில் மட்டும் வேப்பிலைச் சருகுகள் அப்படியே கிடந்தன.

"யாரும்மா கூட்னது?"

பக்கத்து வீட்டுப் பெண் இல்லையென்று தலையை ஆட்டினாள். "நாங்க கிட்டவே போவல அண்ணா."

எனக்குக் கதை சொல்ல வராது, கிண்டல்தான் வரும். ஆனால் அன்று மணலில் அவன் காலடியில் உட்கார்ந்து சொன்னேன்.

"மேனாம்பேட்டுல ஒரு அம்மா இருந்திச்சி. அது கொட்டாய் கூட்டும். அதுக்கு எல்லாத்துலயும் கடேசி மட்டும்தான் தெரியும். அதுக்கு ஒரு புள்ள. மூட்ட தூக்கிட்டு வந்து, பசியோட உக்காந்து, தெனம் முன்னாடி இன்னா ஆச்சின்னு சொன்னான். அது போன பின்னாடியும் சொன்னான். ஊரே கேட்டுச்சி. எல்லாத்தையும் சொல்லிட்டு, நல்ல சட்டையாப் போட்டுகினு, அது வந்து கூட்டட்டும்னு உக்காந்துகினான். அவன்தாம்மா நீ பாத்த ஆளு. ஒட்டுதா?"

சாவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. உள்ளே யாரும் இல்லை. ஆனால் சமையலறையில் பானையின் மூடி நகரும் சத்தம் கேட்டது. நானும் அந்தப் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் உள்ளே போகவில்லை.

அவன் புத்தகங்கள் உங்களிடம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது அந்தச் சத்தம். என் வீட்டில் சோற்றுப்பானையைத் தொடும்போதெல்லாம் கை கொஞ்சம் நிற்கிறது. "இன்னாய்யா, பானையில பேயா கீது?" என்று மனைவி கேட்கிறாள். அன்று கடைக்கு வந்த யாரைப் பற்றியாவது, முன்னாடி என்ன நடந்தது என்று அவளுக்கு ஒரு வரி சொல்கிறேன். பிறகுதான் மூடியைத் திறக்கிறேன்.