கரடியக்காவின் கொழுந்து எடை

அம்மா என்னைக் குன்னூருக்குக் கூட்டிப் போனது, நான் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை என்பதற்காக. ஒன்றாம் வகுப்பில் பாதி வருடம் ஓடிவிட்டது. என் குரல் எப்படியிருக்கும் என்று டீச்சருக்குத் தெரியாது. இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்க்கிற மேடம் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று யாரோ சொல்ல, அம்மா தான் கொழுந்து பறிக்கிற தேயிலை எஸ்டேட்டில் லீவு போட்டுவிட்டாள்.

"ஊட்டுல இவ வாய் ஓயாதுங்க மேடம். வாசப்படி தாண்டுனா கம்முனு ஆயிர்றா. ஊமைன்னே முடிவு கட்டீட்டாங்க" என்றாள். மேடம் அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

உள்ளே அறை முழுக்கப் பொம்மைகள். மேடம் ஒன்றுமே கேட்கவில்லை. ஊசியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று கொஞ்ச நேரம் நோட்டம் விட்டேன். பிறகு ஆசை தாங்காமல் பொம்மைகளை வரிசையில் நிறுத்தினேன். போலீஸ்காரர், கரடி, கை உடைந்த மணப்பெண், எல்லோரும் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு எடைக்கு நிற்கிறார்கள். சொப்புச் சட்டிதான் தராசு. நான்தான் சூப்பர்வைசர். எத்தனை கிலோ என்பதை விரலால் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்த மேடம், கைப்பையின் வாரைக் கொழுந்துக் கூடை மாதிரி நெற்றியில் மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். வந்தவர் கரடியைத் தாண்டி முன்னால் போய் நின்றுவிட்டார். எடை போடுகிற இடத்தில் இதைவிட அக்கிரமம் கிடையாது. இதற்காக மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள் எங்கள் எஸ்டேட்டில் உண்டு. எனக்கு வந்ததே கோபம்.

"ஏனுங்க, வரிசைல வாங்க. கரடியக்கா முன்னாடியே வந்து நிக்குது, கண்ணு தெரியலீங்களா?"

"தப்புத்தாங்க சார்" என்று மேடம் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வந்ததும் பையைத் தடவிப் பார்த்து, "எலை ஈரம். ரெண்டு கிலோ கழிவு" என்று கத்தினேன். ஈர இலை கனக்கும் என்று எடையில் கழித்துத்தான் எங்கள் சூப்பர்வைசர் எழுதுவார், அம்மாவுக்கும் அப்படித்தான். கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்லிக் கெஞ்சினார். முடியவே முடியாது என்றுவிட்டேன்.

வெளியே அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இவ விளையாட்டுக்குள்ள நாம போனா பேசறா. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம், வாராவாரம் கூட்டிட்டு வாங்க" என்றார் மேடம். மேடத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இத்தனை பொம்மை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கக்கூடத் தெரியவில்லை. நான் போய்ச் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு.

பஸ்ஸிலும் அம்மாவுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. ஈரத்துக்கு நான் கழித்தது அவள் காதில் விழுந்துவிட்டது, அதுதான் மனசு ஆறவில்லை என்று நினைத்தேன். காதோடு காதாகச் சொன்னேன்: "அழுவாதம்மா. உனக்கெல்லாம் நான் கழிக்கமாட்டேன்."

அம்மா பஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள், அழுதுகொண்டேதான். கழிக்கமாட்டேன் என்று சொன்ன பிறகும் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.