இறால் பையோடு ஒரு சமாதானம்

எங்கள் மாதா கோயிலில் பெண்கள் பக்கத்தில் உட்காருகிற மூன்றாவது வாங்குக்கு நேர் மேலே ஒரு மின்விசிறி இருக்கிறது. தன்னாமுனைப் பக்கத்து வெக்கையில், பூசை முடியும்வரை பக்தியோடு இருப்பதற்கு அது பெரிய உதவி. சின்ன வயதிலிருந்தே நானும் அக்காவும் அதற்குக் கீழேதான் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். போன வருடம் முழுவதும் நாங்கள் கதைக்கவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் இடம் மாறவில்லை. கோபம் வேறு, காற்று வேறு.

கோபத்துக்குக் காரணம் இறால். உயிர்த்த ஞாயிறுக்கு முன் வரும் தபசு கால வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை, மீன் சாப்பிடலாம். ஆற்றில் பிடிபடுவதெல்லாம் மீன் சாதி என்பது என்னுடைய வேதசாத்திரம். எங்களுக்கு வாவிதான் ஆறு. ஒரு வெள்ளிக்கிழமை நல்ல ஆத்து இறாலாக வாங்கி, முருங்கைக்காய் போட்டு, தேங்காயின் முதற்பால் விட்டு ஆக்கினேன். வாசம் வேலி தாண்டிப் போய்விட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் வீடு. எங்கள் ஊர் வழக்கப்படி அம்மாவின் வளவு, வீடும் காணியும், மகள்மாருக்குத்தான். மாப்பிள்ளைமார் பெட்டியோடு வந்து சேருவார்கள். அன்றைக்குச் சிலுவைப்பாதைக்குப் போகவென்று அயல் பெண்கள் என் முற்றத்தில் கூடி நின்றார்கள். அக்கா வந்தாள். மூக்கை உயர்த்தினாள். எங்கள் ஊரில் பெண்களைக் கூப்பிடுகிற 'கா' போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"என்னகா, இது விரதமா, விருந்தா?"

முற்றமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மோப்பம் பிடிச்சு வாற ஆக்களுக்கெல்லாம் எனக்குப் பதில் சொல்லேலா" என்றேன். நாய் என்ற சொல்லை நான் வாயால் எடுக்கவே இல்லை. மிச்சத்தை அவளாகவே கேட்டுக்கொண்டாள். அன்றோடு கதை நின்றது.

அடுத்தடுத்த வளவில் இருந்துகொண்டு கதைக்காமல் இருப்பது லேசான வேலையில்லை. எங்கள் தேங்காய்த் திருவலை அவளிடம் போய் மாட்டிக்கொண்டது. நான் முற்றத்தில் நின்று, "எங்கட திருவலை எங்க போய்க் கிடக்கோ தெரியா" என்று கோழிகளிடம் முறையிட்டேன். அடுத்த நாள் விடிய அது வேலிக் கம்பியில் தொங்கியது. அவளும் ஒரு நாள், "சிலபேர் வீட்டு ஆடு என்ர கீரைப் பாத்தியில நிக்குது" என்று தன் பூனைக்கு அறிவித்தாள். எங்கள் புருஷன்மார் மட்டும் ஒரு குறையும் இல்லாமல், மாமரத்தின் கீழ் கதிரையைப் போட்டு, சகலன்மார் இருவரும் பின்னேரம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் எனக்கு வயிறெரியும். அந்த நேரம் முந்தி நானும் அக்காவும் கதைக்கிற நேரம். ஊர்க் கதை, பிள்ளைகளின் கதை, முழங்கால் வலி, எல்லாவற்றையும் அவளிடம்தான் கொட்டுவேன். அவள் இல்லாமல் எனக்குப் பொழுது போகவே இல்லை.

ஆனால் ஞாயிறு பூசையில் ஒரு கட்டம் வரும். அருகில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லுங்கள் என்று பூசை வைக்கிற சுவாமி சொல்லுவார். என் அருகில் அவள், அவள் அருகில் நான். தப்ப வழியில்லை. கைகூப்பித் திரும்பி, இரவல் வாங்கிய கோப்பையைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி, "சமாதானம்" என்பேன். அவளும் "சமாதானம்" என்பாள். அந்த ஒரு சொல்லோடு வாரம் முழுக்க ஓடியது.

வருடம் சுற்றி மறுபடி தபசு காலம் வந்தது. பாவசங்கீர்த்தனத்தில் நான் என் பாவங்களைச் சொல்லி முடிய, சுவாமி நேராகவே கேட்டார்.

"அக்காவோட சமாதானமா?"

"ஓம் சுவாமி. ஒவ்வொரு ஞாயிறும் சொல்றன்."

"கோயிலுக்கு வெளியில?"

நான் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தேன்.

"வெளியிலயும் ஒருக்காச் சொல்லுங்க. அதுதான் உங்களுக்கு அபராதம்."

ஒரு செபமாலை தந்திருந்தால் அங்கேயே முழங்காலில் இருந்து முடித்திருப்பேன். இதை இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். அவள் மூத்தவள்தானே, அவளே தொடங்கட்டும் என்ற வீம்பு.

அப்படியிருக்க ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆற்றங்கரை மீன் கடைக்குப் போனேன். நாங்கள் நானா என்று கூப்பிடும் காத்தான்குடி முஸ்லிம் வியாபாரியின் கடை. அங்கே எனக்கு முதுகு காட்டி நின்றவள் அக்கா. நானா அவளுடைய பைக்குள் போட்டுக்கொண்டிருந்தது இறால். அதுவும் சின்ன இறால் இல்லை, நல்ல கொழுத்த ஆத்து இறால்!

ஆண்டவரே அவளை என் கையில் பிடித்துத் தந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். "விரதமா, விருந்தா?" என்று கேட்க இதைவிட நல்ல நேரம் ஏது? கடையில் சனமும் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கிட்டப் போனேன். அவள் சட்டென்று திரும்பினாள். முகத்துக்கு முகம், வாங்கில் திரும்புகிற அதே தூரம். என் கை இரண்டும் தாமாகவே கூப்பிக்கொண்டன.

"சமாதானம்" என்றேன்.

அவளும் பழக்கதோஷத்தில் பையோடு கைகூப்பி, "சமாதானம்" என்றாள். இறால் தண்ணீர் எங்கள் இருவர் காலிலும் சொட்டியது.

நானா கத்தியை வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "இதத்தானே நாங்க நாள் முழுக்க ஸலாமெண்டு சொல்லித் திரியிறம்! வ அலைக்கும் ஸலாம், ரெண்டு பேருக்கும்!"

கடையில் நின்ற சனமும் சிரித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கேள்கா" என்றாள். "ஒரு வருசமா வச்சிருக்கிற கேள்வியக் கேள்."

"என்ன கேள்வி? எனக்கு ஒண்டும் ஞாபகமில்ல."

"தபசு காலத்தில பொய் சொல்லாத."

சொல்லிவிட்டு இறால் பையை என் கையில் திணித்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

"இந்தா, நீயே ஆக்கு. ஒவ்வொரு நாளும் உன்ர கறி வாசத்த மட்டும் மோந்துகொண்டு கிடந்தன்."