அப்பா வண்டியின் சத்தம்

எங்கள் வீட்டில் யாரும் மோட்டார் சைக்கிள் என்று சொன்னதில்லை. வண்டி, அவ்வளவுதான். மாட்டு வண்டி இருந்தவரை அது வண்டி. அதை விற்று அப்பா இதை வாங்கியதும் இது வண்டி. அப்பா இறந்த சில மாதங்களில், விற்பனைக்கு என்று செல்போனில் படம் போட்டபோதுதான் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் என்று எழுதினேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"யாரோடதுடா?" என்றாள்.

"நம்முளுதுதாம்மா. அப்பா வண்டி."

"அப்படிச் சொல்லு."

அவளிடம் விற்கட்டுமா என்று கேட்டுக் கேட்டே எனக்குக் குழப்பம் கூடியது. காலையில், "துருப்புடிக்கறதுக்குள்ள வித்துருடா" என்பாள். சாயங்காலம் பார்த்தால் முந்தானையால் டேங்கைத் துடைத்துக்கொண்டிருப்பாள். எனக்கோ கியர் வண்டி ஓட்ட வராது. பெங்களூரில் ஓட்டுவது ஸ்கூட்டர். நாய்க்குக் கிடைத்த முழுத் தேங்காயாக அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அப்பா அம்மாவைக் கிளம்பு என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. சந்தை நாளில் வாசலில் நின்று வண்டியை உதைப்பார். சத்தம் கேட்டதும் அம்மா பையோடு வந்து, கதவைப் பூட்டி, பின்னால் ஏறிக்கொள்வாள். இரண்டு பேரும் காரிமங்கலம் போய்விடுவார்கள்.

வண்டி பார்க்க அரூரிலிருந்து ஒருவர் வந்ததும் ஒரு சந்தை நாளில்தான். அம்மா அடுப்படியில் இருந்தாள். "பாத்துக் குடுத்துரு" என்று அங்கிருந்தே சொன்னாள். சரி, ஒரு வழியாக முடிந்தது என்று நினைத்தேன்.

வந்தவர் ஏறி உட்கார்ந்து உதைத்தார். நாலைந்து உதைக்குப் பிறகு வண்டி பிடித்துக்கொண்டது.

அம்மா வெளியே வந்தாள். கையில் சந்தைப் பை. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். வண்டியருகே வந்து, ஏறுவதற்காக அவர் தோளைப் பிடிக்கக் கை நீட்டியவள், அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் வண்டியை அணைத்தார். "சந்தைக்குங்களாம்மா? வேணும்னா நான் எறக்கி உட்டுடறனுங்க" என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஏன் வந்தது என்று இன்னும் விளங்கவில்லை. அப்புறம் போன் பண்ணுகிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா அனுப்பிட்ட? குடுத்துரச் சொன்னேனில்ல?"

"நீ எங்கம்மா கெளம்புன?"

பையைப் பார்த்தாள். பூட்டிய கதவைப் பார்த்தாள்.

"வண்டி சத்தம் கேட்டுச்சு" என்றாள்.