ஒரு கப் எண்ணெயின் எடை

தராசின் மேலிருக்கும் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றும்போது அண்ணி மூச்சுவிட மாட்டார். வாய் மட்டும் முணுமுணுக்கும்: "போதும்... போதும்... ஏய், போதும்னு சொல்றேன்ல." திட்டு எண்ணெய்க்கு. கடைசிச் சொட்டு விழுந்து எண் அசையாமல் நின்ற பிறகுதான் மூச்சு வெளியே வரும். அதுவரை நானும் தும்மக் கூடாது. ஒருமுறை தும்மித் தொலைத்தேன்; அதனால்தான் இன்னும் பாத்திரம் கழுவும் பதவியிலேயே இருக்கிறேன்.

சமையலறையை ஒட்டிய சின்ன அறைதான் எங்கள் கேக் கம்பெனி. செய்முறைகள் எல்லாம் கப் கணக்கில் இருக்கும். ஆனால் அண்ணி கப்பைத் தொடுவதில்லை. போன வருஷம் அளவுக் கப்பின் கோடு அவருக்கு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. "எந்தக் கோட்டை நம்பறதுன்னு கப்பையேவா கேக்க முடியும்?" என்று எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டு, பெரிய எண் காட்டும் தராசு ஒன்று வாங்கிவந்தார். கண்ணில் புரை, ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்றார் டாக்டர். கையில் இருக்கும் ஆர்டர் முடியட்டும் என்கிறார் அண்ணி. அது முடியவே கூடாது என்று சாமி கும்பிடுவதும் அவர்தான்.

தராசு வந்த நாள் முதல் எல்லாத் திரவத்துக்கும் எடை மனப்பாடம். ஒரு கப் தண்ணீர் இருநூற்றைம்பது கிராம், பால் அதைவிட எட்டு கூட, எண்ணெய் இருநூற்று முப்பது, தேன் முந்நூற்றைம்பது. பெற்ற பிள்ளைகளின் மார்க்கைச் சொல்வதுபோலச் சொல்வார். "தேன் நல்லாப் படிக்கற புள்ள. இந்த எண்ணெய்தான் என்னை மாதிரி, எவ்வளவு முட்டிக்கிட்டாலும் மார்க் ஏறாது." எல்லாக் கப்பும் ஒரே கப்தானே என்று நான் ஒரு நாள் தேனையும் தண்ணீர்க் கணக்கில் நிறுத்து ஊற்றினேன். வெந்து வந்தது கேக் இல்லை, வறட்டு ரொட்டி. அதை மூன்று வேளையும் நானே தின்று தீர்த்தேன்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குத் தினமும் எங்கள் கேக் போகிறது. அந்தக் கடை கைவிட்டால் ஓவனை அணைத்துவிட்டு நானும் அண்ணியும் டிவி பார்க்க வேண்டியதுதான். நேற்று அத்தனை கேக்கும் திரும்பி வந்துவிட்டன. பிழிந்தால் எண்ணெய் வடியும் போலிருந்தது. கடைக்காரர் குரலை உயர்த்தவில்லை. "அக்காகிட்ட சொல்லிடுங்க. நாளைக்கும் இப்படின்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்."

சொன்னேன். அண்ணி சிரித்தார். எண்ணெய்க்கும் வயதாகி, தன்னைப்போலவே எடை போட்டுவிட்டதாம். நானும் சிரித்தேன், நான் நிறுத்துவதற்கு முன்பே அவர் நிறுத்தியிருந்தார். தராசுக்குப் புது பேட்டரி போட்டார். ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது.

இன்று காலை மறுபடி ஊற்றினார். எண் நின்றது. மூச்சு வெளியே வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். வெளிச்சக் கோடுகளால் ஆன எண்கள் அவை. மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவே இடப்பக்கம் இரண்டு சின்னக் கோடுகள்தான் வித்தியாசம். தும்மவே பயப்படுகிற எனக்கு வாய் திறக்க நேரம் பிடித்தது.

"அண்ணி, அது இருநூத்தி எண்பது."

மூக்கு தராசில் இடிக்கும்வரை குனிந்தார். "மூணுதானே தம்பி?"

"எட்டு அண்ணி."

நிமிர்ந்தார். "கப்புல கோடு ரெண்டாத் தெரியுதுன்னு பயந்து இங்க ஓடி வந்தேன். இங்கயும் கோடுதானா?" என்று சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

கிண்ணத்து எண்ணெயை டப்பாவிலேயே கவிழ்த்தார். கிண்ணத்தைத் துடைத்துத் திரும்ப வைத்தார். பிறகு தராசின் முகத்தை என் பக்கம் திருப்பிவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடி ஊற்ற ஆரம்பித்தார்.