அமுக்கினால் நுழைந்துவிடும்

குறைமாதக் குழந்தைகளுக்கு ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் சத்துத் திரவத்தைக் கலக்குவது என் வேலை. பினாங்கில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில், தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு செய்கிறேன். "ஒரு சொட்டு தப்பிப் போனால் என்ன ஆகும்?" என்று பயந்துகொண்டே வேலை பார்க்கிறவர் யாராக இருந்தாலும் வாங்க, நாமெல்லாம் ஒரே கட்சி.

தைப்பூசக் கூட்டம்

திரவப் பையிலிருந்து குழந்தைக்குப் போகும் பிளாஸ்டிக் குழாயின் நடுவே ஒரு ஃபில்டர் இருக்கும். அதன் ஓட்டைகள் கண்ணுக்கே தெரியாதவை. தூசு வந்தால் அங்கேயே நின்றுவிடும். திரவத்தில் கலந்திருக்கும் கொழுப்புத் துளிதான் பொல்லாதது. சின்னத் துளி சுலபமாகப் போய்விடும். பெரிய துளி மெதுவாக வந்தால் வாசலிலேயே தேங்கும். பின்னாலிருந்து அமுக்கினால் போச்சு! தைப்பூசக் கூட்டத்தில் நாம் உடம்பை ஒடுக்கி நுழைகிற மாதிரி, நீண்டு நெளிந்து உள்ளே போய், அந்தப் பக்கம் மறுபடி உருண்டையாகிவிடும். அப்புறம் அது குழந்தையின் நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டால்?

இதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கூட வேலை பார்க்கும் மேரி அக்கா என் தட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாப்பிடு லா. பசியில கை நடுங்குனா அது இன்னும் மோசம்."

மோட்டாரில் வரும் அப்பா

பைராம் தோட்டத்திலிருந்து சரவணன் தினமும் மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் கடந்து வருவார். அவர் மகள் ஒரு கிலோகூட இல்லை. இன்னும் பெயர் வைக்கவில்லை. நான் பையை வார்டில் கொடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார். ஒருநாள் திரவத்தைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளும் பம்பைக் காட்டி அவர் கேட்டதும் எனக்குக் குலை நடுங்கிவிட்டது. "ஏன்க்கா இவ்ளோ ஸ்லோவா போகுது? கொஞ்சம் ஸ்பீட்டா விடச் சொல்லுங்க லா, பிள்ள சீக்கிரம் தேறட்டும்."

பம்ப் கத்திய காலை

வார்டிலிருந்து நர்ஸ் கமலா மிஸ்ஸி போன் செய்தார். சரவணன் மகளின் பம்ப், அடைப்பு என்று கத்துகிறதாம். அடைப்பு என்றால் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். ஃபில்டரைக் கழற்றிவிடுவார்கள், இல்லை ஊசிக் குழலை மாட்டிக் கையாலேயே தள்ளுவார்கள். "தொடாதீங்க மிஸ்ஸி, நிறுத்துங்க!" என்று கத்திவிட்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறி ஓடினேன்.

பையின் மேலே மஞ்சளாக எண்ணெய் வளையம் கட்டியிருந்தது. கொழுப்பு பிரிந்து பெரிய பெரிய துளியாகச் சேர்ந்துவிட்டது. ஐயோ, அது நான் கலக்கிய பை! கால்சியத்தைக் கடைசியில், எல்லாம் நீர்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும். அன்று அவசரத்தில் நேராகக் கொழுப்பின் மேலேயே விட்டிருக்கிறேன், அதுதான் கொழுப்பைப் பிரித்துவிட்டது. மேரி அக்கா அளவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். எது முதலில், எது பிறகு என்பதை யாரும் பார்க்கவில்லை.

கமலா மிஸ்ஸி கையில் ஊசி தயாராக இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நல்ல வேளை கத்துன. ரெண்டு தள்ளு தள்ளியிருப்பேன்."

சரவணனிடம் சொன்னது

டாக்டர் பையை மாற்றி, பிள்ளையின் மூச்சைச் சாயங்காலம்வரை கவனிக்கச் சொன்னார். ஃபில்டர் அடைப்பதற்கு முன்னால் ஏதாவது நுழைந்திருக்குமோ? பிள்ளையின் மூச்சைக் காட்டும் திரையில் எண் மாறும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நான் கும்பிடாத சாமி இல்லை.

சாயங்காலம் டாக்டர், இனிப் பயமில்லை என்றார். நடந்ததைச் சரவணனிடமும் சொன்னார். "கலக்குனது நான்தான் தம்பி" என்றேன். கால் நிற்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஹெல்மெட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தார். பிறகு சொன்னார்: "நல்லா ஏசணும்போலதான் இருக்குக்கா. ஆனா நாளைக்கு வேற ஆளு கலக்குனா, அவங்க இப்படி நடுங்குவாங்களா? நீங்களே கலக்குங்க."

அவர் என்னை நம்பிவிட்டார். எனக்குத்தான் என்னை நம்ப இன்னும் தைரியம் வரவில்லை.