குழாயடியில் தெரிந்த சேதி

மலேசியாவில் மெர்லிமாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், திரும்பிப்போகும் பஸ்ஸுக்காக நிற்கிறேன். பால்மரம் சீவி முடித்த பெண்கள் குழாயடியில் வாளி கழுவுகிறார்கள். மறுநடவுக்குக் கன்று வரவில்லை என்கிறாள் ஒருத்தி. எல்லையில் நிலம் அளப்பவர்கள் நட்ட சிவப்புக் குச்சிகளைப் பார்த்ததாகச் சொல்கிறாள் இன்னொருத்தி. தோட்டம் விலைபோகிறதா என்று கேட்டால் ஆபீஸில் வாய் திறப்பதில்லை. ஆளாளுக்குக் கண்டதைச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

"அக்கா, வர்ற வழியில நீங்க ஏதாச்சும் பாத்தீங்களா?" ஒருத்தி என்னைக் கேட்கிறாள்.

"உங்க ரோட்டு முனையில போர்டு நட்டுக்கிட்டிருந்தாங்க. மாடி வீட்டுப் படம் போட்டிருந்துச்சு."

குழாயை மூடுகிறாள்.

"அப்ப வித்தாச்சு. மாத்து வீடு குடுக்காம ஒருத்தரும் இந்த லயத்து வீட்ட விட்டுப் போகக்கூடாது."

பஸ் வந்து நிற்கிறது. அவள் என் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொள்கிறாள்.

"அடுத்த பஸ்ல போலாம்லா. கோயில்ல எல்லாரையும் கூட்டுறோம், வந்து நீங்க பாத்தத சொல்லுங்க."

டிரைவரைப் போகச் சொல்லிக் கையசைக்கிறேன்.